'டென்ஷன் ஆகாதே' என்று சொன்னால் போதுமா?

போட்டிக்கு முந்தின ராத்திரி "டென்ஷன் ஆகாதே" என்று சொல்லாத பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை. பெற்றவர்கள் சொல்கிறார்கள், சீனியர்கள் சொல்கிறார்கள், கோப்பை கொடுக்க வரும் சிறப்பு விருந்தினரும் சொல்கிறார். எப்படி ஆகாமல் இருப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. காலை எங்கே வைப்பது, கணுக்காலை எந்த நேரத்தில் பிடிப்பது, உடம்பை எப்படித் திருப்பிக் கோட்டைத் தொடுவது என்று வருடக்கணக்கில் கற்றுக்கொடுக்கிறோம். மனசை மட்டும் அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

நான் காவிரி டெல்டாவில் ஒரு மகளிர் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். மாணவிகளுக்கு 'பி.டி. மேம்'. கபடி ஆடி வந்தவள், இப்போது கபடி அணியை நடத்துகிறவள். உலகம் முழுக்க மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் பேசப்படும் கவனப் பயிற்சி, நம் கல்லூரி அணிகளின் அன்றாடப் பயிற்சியில் இடம்பெற வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். அதைக் காட்டி நாம் செய்ய வேண்டிய மற்ற வேலைகளிலிருந்து நழுவிவிடக் கூடாது என்றும் அதே உறுதியோடு சொல்கிறேன்.

பயிற்சி என்னவோ எளிதுதான். மூச்சையோ, பாதம் தரையில் படுவதையோ, காதில் விழும் சத்தத்தையோ கவனிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மனசு வேறெங்கோ போயிருக்கும். போனதைத் தெரிந்துகொண்டு, மேயப் போன கன்றை அடிக்காமல் ஓட்டி வருவதுபோல, திரும்ப அழைத்து வர வேண்டும். மறுபடி போகும், மறுபடி அழைத்து வர வேண்டும். பயிற்சி என்பது இந்தத் திரும்பி வருதல்தான். பதற்றத்தை விரட்டுவது இதன் வேலை இல்லை. நெஞ்சு படபடக்கட்டும், கை வேர்க்கட்டும். அதோடு சண்டை போடாமல், அடுத்த காலடியில் கவனத்தை வைக்கக் கற்றுக்கொள்வதுதான் வேலை. இதன் அடிப்படையில் அமெரிக்க உளவியலாளர்களான ஃப்ராங்க் கார்ட்னரும் ஸெல்லா மூரும் 2000களின் தொடக்கத்தில் விளையாட்டு வீரர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கினார்கள். அதுவரை விளையாட்டு உளவியலில் 'கெட்ட நினைப்பை அடக்கு, நல்லதையே நினை' என்பதுதான் பெரும்பாலும் பாடமாக இருந்தது. நினைப்பை அடக்கப் பார்த்தால் அது இன்னும் மேலேறி வரும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

கபடிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. பாடிப் போகிறவளுக்கு முப்பது விநாடிதான். ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று விடாமல் சொல்ல வேண்டும். பாட்டு அறுந்தால் அவுட். எதிரே ஏழு பேர். தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமனே திரும்பினால் மூன்றாவது 'டூ ஆர் டை'. அதில் புள்ளி எடுக்காவிட்டால் அவள் வெளியே போக வேண்டும்.

என் அணியில் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு பெண். பயிற்சியில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. மேட்ச்சில் டூ ஆர் டை வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். நடுக்கோட்டைத் தாண்டும்போது கண் ஸ்கோர் போர்டுக்குப் போகும், அங்கிருந்து பார்வையாளர் பக்கம் போகும். அந்த ஒரு நொடி போதும், லெஃப்ட் கார்னர் கணுக்காலைப் பிடித்துவிடுவாள். அன்று மேட்ச் முடிந்து எல்லோரும் வேனில் ஏறிய பிறகு அவளைத் தனியாகக் கேட்டேன்.

"கோட்டைத் தாண்டும்போது என்னடா நினைச்சே?"

"போன ரெய்டுல போனஸை விட்டுட்டேனேன்னு நினைச்சேன் மேம். அப்புறம், இன்னிக்குத் தோத்தா அண்ணன் அடுத்த மேட்ச்சுக்கு விடமாட்டானேன்னு..."

இதில் பயம் வந்தது தவறே இல்லை. ஒரு பக்கம் முடிந்துபோன ரெய்டு, இன்னொரு பக்கம் இன்னும் நடக்காத வீட்டுச் சண்டை. இரண்டுக்கும் நடுவில் அவள் கால் இருந்த இடத்தில் அவள் இல்லை. "டென்ஷன் ஆகாதே" என்று இவளிடம் சொல்லி என்ன பயன்?

வார்ம் அப் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கினோம். மேட்டின் கடைசிக் கோட்டிலிருந்து நடுக்கோடு வரை வெறுங்காலில் மெதுவாக நடக்க வேண்டும். முதலில் குதிகால் படுவது, அப்புறம் பாதத்தின் வெளிவிளிம்பு, கடைசியில் கட்டைவிரல் ஊன்றுவது. மனசு நகர்ந்தால் 'போயிடுச்சு' என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு மறுபடி பாதத்துக்கு வர வேண்டும். அடுத்து, நின்ற இடத்தில் பாடுவது. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, மூச்சு எந்த இடத்தில் குறுகத் தொடங்குகிறது என்று பார்ப்பது. அது பழகிய பிறகு, மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார்கள், கைதட்டுவார்கள், பெயர் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அதற்கு நடுவே ரெய்டு போக வேண்டும். திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்வி: மனசு எங்கே இருந்தது? சரி, தப்பு என்று யாரும் சொல்லக் கூடாது.

அந்தப் பெண் இன்றும் டூ ஆர் டையில் அவுட் ஆகிறாள். முன்பெல்லாம் அவுட் ஆனதும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுவாள். இப்போது உட்கார்ந்த கையோடு, எதிரணி லெஃப்ட் கார்னர் எந்தக் காலை முன்னே வைக்கிறாள் என்று பார்த்து அடுத்து உள்ளே போகிறவளுக்குச் சொல்கிறாள். அவள் எடுக்கும் புள்ளிகளைவிட எனக்கு அது பெரிது.

இது என் ஒருத்தியின் அனுபவமாக இருந்தால் செய்தித்தாளில் எழுத வந்திருக்க மாட்டேன். மயாமி பல்கலைக்கழகத்தில் அமிஷி ஜா என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு, அமெரிக்கக் கால்பந்து ஆடும் கல்லூரி வீரர்கள் 100 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டது. சீசனுக்கு முந்தைய கடும் பயிற்சிக் காலம் அது. உடம்பும் மனசும் சக்கையாகப் பிழியப்படும் அந்த நான்கு வாரத்தில் ஒரு பிரிவினருக்குக் கவனப் பயிற்சி, இன்னொரு பிரிவினருக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி. எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்தவர்களின் மனநிலை ஓரளவு நன்றாக இருந்தது. கவனம் சிதறாமல் காத்துக்கொள்ள உதவியது கவனப் பயிற்சி மட்டும்தான். அதுவும் அதை விடாமல் செய்தவர்களுக்கே.

விடாமல் செய்தவர்களுக்கே என்பதை முதல்வர்களும் செயலாளர்களும் கவனிக்க வேண்டும். நம் கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒருமுறை செமினார் ஹாலில் பேனர் கட்டி, ஒரு பேச்சாளரை அழைத்து, மாணவிகளைக் கண்மூடி உட்காரவைத்து, போட்டோ எடுத்து அறிக்கையில் சேர்க்கிறோம். அதனால் ஒரு பயனும் இல்லை. ஒரே நாளில் தொடைக்கு வலு ஏறுமா?

இதெல்லாம் நம்மிடம் இல்லாததா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஜான் கபாட்-ஸின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக இந்தப் பயிற்சியைத் தொடங்கியபோது, அவர் எடுத்துக்கொண்டது பௌத்தத் தியானத்தையும் யோகத்தையும்தான். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் பாடமாகவே நடக்கிறது. அதைக் கற்ற பேராசிரியர்கள் நம் பக்கத்து அறையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்த வகுப்பு ஹாலில் நடக்கிறது, அணி மைதானத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு பேச்சுவார்த்தையும் இல்லை. எந்தப் பெயரில் சொல்லிக்கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். விசில் சத்தத்துக்கும் வேர்வைக்கும் நடுவே அது நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் துறையில் என்னை அதிகம் பாதித்தது ஜார்ஜ் மம்ஃபோர்டின் கதை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துக் கனவோடு சேர்ந்தவர். பிற்காலத்தில் கூடைப்பந்து உலகமே கொண்டாடிய ஜூலியஸ் எர்விங் அவருடைய அறைத்தோழர். காயங்கள் மம்ஃபோர்டின் ஆட்டத்தை முடித்துவைத்தன. வலிக்கு மாத்திரை, மாத்திரையிலிருந்து ஹெராயின். அதிலிருந்து மீள்வதற்காகத்தான் அவர் தியானத்துக்கு வந்தார். பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டு, 1990களில் சிகாகோ புல்ஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். மைக்கேல் ஜோர்டனின் அணிக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தவர் என்றுதான் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். காயம்பட்ட ஒரு கல்லூரி வீரனைக் கேட்பார் இல்லாமல் விட்டால் அவன் எங்கே போய் நிற்பான் என்பதைத்தான் நான் அந்தக் கதையில் படிக்கிறேன்.

அப்படிப்பட்டவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கி, கட்டணச் சலுகையில் படிக்கிற பெண்ணுக்கு முழங்கால் லிகமென்ட் அறுந்துபோனால் என்ன ஆகிறது? ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். தேறி வர பல மாதம் ஆகும். அதற்குள் அவள் இடத்தில் இன்னொருத்தி ஆட ஆரம்பித்திருப்பாள். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பி, ஒவ்வொரு சர்டிபிகேட்டாகச் சேர்த்துக்கொண்டிருந்த குடும்பம் அது. வீட்டில் மாப்பிள்ளை பேச்சு தொடங்கும். மைதானத்துப் பக்கம் வரவே அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அணி வாட்ஸ்அப் குழுவில் போட்டோக்கள் வந்துகொண்டே இருக்கும். முன்பு தினமும் பார்த்த பி.டி.யும் மறந்துவிடுவார். அவள் மனம் உடைவதற்கு வேறென்ன வேண்டும்?

இவளிடம் போய் மூச்சைக் கவனி என்று மட்டும் சொல்வது கொடுமை.

ஆய்வாளர்களே இந்தப் பயிற்சியைச் சர்வரோக நிவாரணியாகச் சொல்லவில்லை. 2019-இல் இந்தத் துறையின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, பலன் இருப்பதாகத் தெரிந்தாலும் ஆதாரங்களின் தரம் குறைவுதான் என்று வெளிப்படையாகச் சொன்னது. அதற்கு முன்பு 2017-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில் ஆட்டத் திறன் கூடியதாகக் காட்டியவை, துப்பாக்கி சுடுதல், டார்ட் எறிதல் போன்ற குறிபார்க்கும் விளையாட்டுகள். ஆகவே 'இதைச் செய்தால் ஜெயிப்பாய்' என்று ஒரு மாணவிக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தோற்ற பிறகு தன்னைத் தானே கடித்துக் குதறாமல் இருக்க இது உதவும் என்பேன். எனக்கு அது போதும்.

மனநலம் வேறு, கவனத் திறன் வேறு என்பதும் பயிற்சியாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் கோல்கீப்பர் கேட்டி மெயர், 2019 தேசிய இறுதிப் போட்டியின் பெனால்டி ஷூட்-அவுட்டில் இரண்டு பந்துகளைத் தடுத்து அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். பெனால்டியின்போது அந்தக் கோட்டில் நிற்பதைவிடக் கவனம் கேட்கும் இடம் விளையாட்டில் உண்டா? அணித் தலைவி, கலகலப்பானவர், படிப்பிலும் முன்னே. 2022 மார்ச்சில் 22 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆட்டத்தில் அசையாத மனம் வாழ்க்கையிலும் அசையாது என்று நாம் முடிவுகட்டிவிட முடியாது. 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, வென்ற பிறகு தன்னைச் சூழ்ந்த வெறுமையையும் மனச்சோர்வையும் பற்றிப் பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தோற்றவர்களுக்கு மட்டும்தான் ஆறுதல் தேவை என்ற நினைப்பையும் நாம் விட வேண்டும்.

அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்களை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2016-இல் மனநல நடைமுறைகளை வகுத்து வெளியிட்டது. முதல் பிரிவுக் கல்லூரிகள் அவற்றின்படி சேவை வழங்கியே ஆக வேண்டும் என்பது 2024 ஆகஸ்டிலிருந்து விதி. அங்கே பணம் இருக்கிறது, நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் விதி எழுதப் பணம் வேண்டாமே!

நம் ஊரிலும் உச்சத்தில் இருப்பவர்களுக்கு இந்த உதவி கிடைக்கிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சதுரங்க சாம்பியனான குகேஷ், முதல் ஆட்டத்திலேயே தோற்று, மூன்றாவதில் மீண்டார். பதினொன்றில் வென்று, பன்னிரண்டில் தோற்று, பதினான்கில் மகுடம் சூடினார். அவரோடு மனப் பயிற்சியாளர் பேடி அப்டன் இருந்தார். சென்னைப் பையனுக்கு அப்படி ஒருவர் அமைந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்டர்-காலேஜ் ஆட பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் பெண்ணுக்கும் அதில் ஒரு துளியாவது கிடைக்க வேண்டும் என்று கேட்கிறேன். மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விளையாட்டு உளவியலையும் அங்கே கற்பிக்கிறார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மண்டலத்துக்கு ஓர் உளவியலாளரை நியமித்து, அவர் வாரம் ஒரு கல்லூரியாகப் போய்வந்தாலே பெரிய மாற்றம் வரும்.

எங்கள் கல்லூரியில் முதன்முதலில் இந்தப் பயிற்சியைக் கண்மூடி உட்கார்ந்துதான் தொடங்கினோம். சில நிமிடத்தில் அணியில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். விசாரித்தால், நாலு மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, தம்பிக்குச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டு, முதல் பஸ் பிடித்து ஆறு மணிக்கு மைதானத்துக்கு வருகிறார்கள். காலையில் டீயும் பன்னும்தான். அவர்களுக்கு முதலில் வேண்டியது தூக்கமும் முட்டையும் என்று புரிந்தது. வாரத்தில் இரண்டு நாள் காலைப் பயிற்சியை எடுத்துவிட்டோம். கண்மூடச் சொன்னபோது ஒரு பெண் மட்டும் மூடவே மாட்டேன் என்றாள். காரணம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு செய்யலாம் என்றேன். இப்போது எல்லோருக்குமே அந்த உரிமை உண்டு. கண்மூடினால் பழைய காயம் மேலே வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை இதைக் கற்றுக்கொடுப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பயிற்சியாளரே பிரச்சினையாக இருக்கும் இடங்களும் உண்டு. எடையைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, சாதியைச் சொல்லி, எல்லோர் முன்னாலும் அசிங்கப்படுத்துகிறவர்கள். அதைவிட மோசமாக, தேவையில்லாமல் தொடுகிறவர்கள். 2023 ஜனவரியில் நாட்டின் பேர்பெற்ற மல்யுத்த வீராங்கனைகள் இப்படிப்பட்ட புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார வேண்டி வந்ததை நாம் பார்த்தோம். ஒலிம்பிக் பதக்கக்காரர்களுக்கே அந்த நிலை என்றால், ஒரு செலக்‌ஷனுக்காகக் காத்திருக்கும் கல்லூரிப் பெண் யாரிடம் போவாள்? அங்கே தேவை கவனப் பயிற்சி அல்ல. 2013 சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய உள் புகார்க் குழுவும், அதற்குப் பயப்படாமல் எழுதித் தர ஒரு வழியும். பொறுத்துக்கொள், மூச்சைக் கவனி என்று சொல்லி ஒரு பெண்ணின் நியாயமான கோபத்தை ஆற்றுவதற்கு இந்தப் பயிற்சியை யாராவது பயன்படுத்தினால் அதை நான் எதிர்ப்பேன்.

என்னைப் போன்ற உடற்கல்வி இயக்குநர்களிடம் சில வார்த்தைகள். இந்தப் பத்து நிமிடத்தைப் பயிற்சி நேரத்துக்குள்ளேயே வையுங்கள், முடிந்த பிறகு கூடுதல் சுமையாக வைக்காதீர்கள். நீங்களும் கூட நின்று செய்யுங்கள். நாம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவர்களும் சடங்குக்குத்தான் செய்வார்கள். மாணவி மனம்விட்டுச் சொன்ன எதையும் அணித் தேர்வில் அவளுக்கு எதிராகப் பயன்படுத்தாதீர்கள்; ஒருமுறை அப்படி நடந்தால் அதன்பின் எவளும் வாய் திறக்க மாட்டாள். காயம்பட்டவளையும் அந்தப் பத்து நிமிடத்துக்கு வரச் சொல்லுங்கள். கால் ஓடாவிட்டாலும் அவள் அணியில்தான் இருக்கிறாள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல், இருந்தென்ன என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வீட்டுக்கும் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பெரிய எழுத்தில் எழுதி, உங்கள் கல்லூரியில் பிள்ளைகள் ஷூ கழற்றிவைக்கும் அறைக் கதவில் இன்றே ஒட்டிவையுங்கள்.